வேற்றுக்கிரகவாசியின் நெற்றி: ஜெலட்டினா, றப்பர் பாலா, சிலிக்கனா?

ஒரு குறும்படத்துக்காக வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே, வேற்றுக்கிரகவாசி ஒருவனை நிறுத்தினோம். நெற்றியில் மூன்று மேடு, கன்னத்தில் மீன் செவுள் மாதிரிக் கீறல்கள். எல்லாமே ஜெலட்டின். காலை ஏழரைக்கு ஒட்டி முடித்தபோது வடிவாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு நடித்த தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணை, என்ர நெத்தி கீழ வருது" என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நடு மேட்டின் கீழ் விளிம்பு கரைந்து புருவ மயிரில் பாகு மாதிரித் தொங்குகிறது. உள்ளே வியர்வை கட்டியிருந்தது. விரலால் மெல்ல அழுத்தினால் தோலுக்கும் ஜெலட்டினுக்கும் நடுவில் அது இடமும் வலமுமாக ஓடுவது தெரிந்தது.

வெளிநாட்டு ஒப்பனைக்காரர்கள் இந்தப் பொருள்களை ஒப்பிடும்போது முதலில் கேட்பது, எது உண்மைத் தோல் மாதிரி இருக்கும் என்பதைத்தான். கொழும்பில் பகலில் 30, 31 பாகை, ஈரப்பதன் 80 வீதத்தை ஒட்டி. இங்கே முதலில் கேட்க வேண்டியது, வியர்வை எங்கே போகும் என்பது. அதை வைத்துத்தான் நான் இவற்றைத் தரம் பிரிக்கிறேன்.

ஜெலட்டினை ஒரேயடியாகத் திட்டவும் மனமில்லை. நான் தொழில் பழகியதே அதில்தான். கேக் சாமான் விற்கும் கடையில் ஜெலட்டின், ஃபாமசியில் கிளிசரின். இரண்டையும் கொஞ்சத் தண்ணீரோடு சூடாக்கிக் கரைத்து அச்சில் ஊற்றினால், ஆறியதும் தோல் மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு துண்டு கையில் இருக்கும். பிழைத்துப்போனால் மறுபடி உருக்கலாம். வேறு எந்தப் பொருளும் இப்படி மன்னிக்காது. ஆனால் கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. முதல் நாள் செய்து வைத்த துண்டு அடுத்த நாள் பிசுபிசுக்கும், மேலே வியர்வை, கீழே வியர்வை. ஏசி போட்ட மண்டபத்தில் ஒரு மணி நேர நாடகம் என்றால் சரி. வெயிலில் வேண்டாம். இன்னொன்று: ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. ஒட்டப்போகிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். ஒட்டிய பிறகு அவர் கேட்டால் நமக்குத்தான் சங்கடம்.

அடுத்தது றப்பர் பால், அதாவது திரவ லேட்டக்ஸ். இது நம் வீட்டுப் பொருள். 1876இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த றப்பர் கன்றுகளை நட்ட ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா, கொழும்பிலிருந்து சிறிது தூரத்தில், கம்பஹாவில் இருக்கிறது. களுத்துறை, கேகாலைப் பக்கம் இன்றும் பால் வெட்டுகிறார்கள். கப்பலுக்குக் காத்திருக்காமல், டொலர் விலை பாராமல் வாங்கக்கூடியது இந்த ஒன்றுதான்.

செய்முறையும் எளிது. களிமண்ணில் உருவம், அதன்மேல் பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் பாலை நிறைய ஊற்றிக் கால் மணி நேரம் விடுவது. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரோடு ஒரு படலம் படியும். மிச்சத்தைத் திரும்பப் போத்தலில் ஊற்றிவிட்டு அச்சைக் கவிழ்த்து வைக்கலாம். இதில் இரண்டு இடத்தில் கொழும்பு குறுக்கே வரும். ஒன்று, பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதற்கே நாள்கணக்காகும். காயாத அச்சு பாலை உறிஞ்சாது. இரண்டு, காய்ந்த லேட்டக்ஸ் தன்னோடு தானே ஒட்டும். உரிக்கும்போது உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் முகப்பவுடரைத் தூரிகையால் தடவித் தடவி எடுக்க வேண்டும். ஓரிடம் விட்டுப்போனால், மடிந்து ஒட்டிய காதைப் பிறகு பிரிக்கவே முடியாது. நான் ஒரு காதை அப்படி இழந்தேன். இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய பாத்திரம் வேறு.

லேட்டக்ஸ் ஒளி புகாதது, மனிதத் தோல் மாதிரித் தெரியாது என்பார்கள். மனிதத் தோல் செய்யும்போது அது உண்மை. வேற்றுக்கிரகவாசியின் தோலை யார் பார்த்திருக்கிறார்கள்? வண்டு ஓடு, உடும்புச் செதில், பலாக்காய்த் தோல் என்று எதையாவது மனதில் வைத்துச் செய்யும் உருவத்துக்கு ஒளி புகாததே நல்லது. லேட்டக்ஸின் உண்மையான குறை அசைவு. நடிகர் சிரித்தால் தோல் சிரிக்காது, பை மாதிரி ஓரிடத்தில் மடியும். ஆகவே உச்சந்தலை, பிடரி, காது, கை எல்லாம் லேட்டக்ஸ். கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் வேண்டாம். வியர்வைக்கும் இதில் வழி உண்டு. தலையை மூடும் லேட்டக்ஸ் கூட்டில் காதுக்குப் பின்னால், கமரா காணாத மடிப்பில், சின்ன ஓட்டைகள் போட்டுவிட்டால் காற்றும் போகும், தண்ணீரும் வடியும். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், முதல் நாளே முழங்கைக்குள் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

சிலிக்கனுக்கு வருவோம். பிளாட்டினம் சிலிக்கன் இரண்டு போத்தலில் வரும், சம அளவில் கலந்தால் இறுகும். டெடனர் என்ற மென்மையாக்கியை அதே அளவு சேர்த்தால் கன்னச் சதை மாதிரித் துவளும். அதை மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குள் பொதிந்து செய்தால், விளிம்பை அசிட்டோன் தொட்ட பஞ்சால் கரைத்துத் தோலோடு இழைத்துவிடலாம். புருவம் உயர்ந்தால் மேடும் உயரும். ஜெலட்டினில் கிடைக்கும் அதே ஒளி, ஆனால் எந்த வெயிலிலும் உருகாது. நீர்வாழ் உயிர் மாதிரி மெல்லிய, ஈரத் தோலுள்ள உருவம் என்றால் எனக்கு இதைத் தவிர வேறு தெரிவே இல்லை.

ஆனால் அது ஒரு துளி வியர்வையும் உறிஞ்சாது, வெளியே விடவும் செய்யாது. முழுவதும் உள்ளே கட்டிக்கொண்டு, பலவீனமான விளிம்பை உடைத்து வெளியேறும். ஆகவே துண்டு சின்னதாக இருப்பது நல்லது. முழு முகத்தையும் ஒரே முகமூடியாக வார்க்காமல், ஒன்றன்மேல் ஒன்று படியும் பல துண்டுகளாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க ஒப்பனையாளர் டிக் ஸ்மித். அவர் அதை அசைவுக்காகச் செய்தார். எனக்கு அது வியர்வைக்கும் உதவுகிறது, ஒரு துண்டு கழன்றால் அதை மட்டும் மாற்றலாம்.

வெப்பம் சிலிக்கனை வேகமாக இறுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. எஃப்எக்ஸ்-ப்ரோ என்ற சிலிக்கன் வகையில், கலந்த பிறகு ஊற்றி முடிக்க 12 நிமிடம் என்று போட்டிருப்பது 23 பாகைக்கு. நம் அறையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. போத்தல்களை ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறேன். பால் பெட்டிக்குப் பக்கத்தில் அதைக் கண்ட அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், சிலிக்கனும் றப்பர் பாலும் ஒரே மேசையில் இருக்க முடியாதது. லேட்டக்ஸின் எச்சம் பட்டால் பிளாட்டினம் சிலிக்கன் இறுகாது. லேட்டக்ஸ் கையுறை போட்டுத் தொட்டாலே போதும். கந்தகம் கலந்த களிமண்ணும் அப்படித்தான். இது தெரியாமல், காலையில் காது வார்த்த மேசையிலேயே மாலையில் கன்னம் வார்த்தேன். அடுத்த நாள் அச்சைத் திறந்தால், நடுப்பகுதி அருமையாக இறுகியிருக்க, கை பட்ட ஓரமெல்லாம் கோந்து. விலை கூடிய பொருள், சுரண்டி எறிந்தேன். இப்போது சனிக்கிழமை லேட்டக்ஸ், ஞாயிறு சிலிக்கன், கையுறை நைட்ரைல், கிண்ணங்களும் தனித்தனி.

நுரை லேட்டக்ஸைப் பற்றியும் கேட்பார்கள். ஹாலிவுட்டில் 1930களின் கடைசியிலிருந்து இருப்பது, பஞ்சு மாதிரி எடையில்லாதது, நாள் முழுக்கப் போட்டிருக்க இலகுவானது. இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டேன். பாலை கேக் பீட்டரில் நுரைக்க அடித்து, சரியான நிமிடத்தில் இறுகவைக்கும் பொருளைச் சேர்த்து, 85 பாகை அளவில் மணிக்கணக்காக வேகவைக்க வேண்டும். அறையின் வெப்பமும் ஈரமும் மாறினால் இறுகும் நேரமும் மாறும். வேகவைத்த போறணையில் பிறகு சாப்பாடு செய்யக்கூடாது, தனியாக ஒன்று வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் போன ஊரில் அதை நம்பித் தொழில் செய்ய எனக்குத் துணிவில்லை. வியர்வையையும் அது பஞ்சு மாதிரியே குடித்துக்கொள்ளும், மதியத்துக்குள் எடை கூடிவிடும்.

கடற்கரை உயிரை இப்போது மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். தலைக்கூடு, காது, கை லேட்டக்ஸில். நெற்றி மூன்று துண்டு, கன்னம் இரண்டு, எல்லாம் சிலிக்கன். சிலிக்கனில் சிலிக்கனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது என்பதால், லேட்டக்ஸ் கூட்டோடு சேரும் இடத்தில் என்ன செய்வது என்று யோசித்தேன். பொதிந்த துண்டின் முதுகு பிளாஸ்டிக் படலம்தானே, அக்ரிலிக் பசை அதைப் பிடித்துக்கொள்கிறது. நெற்றித் துண்டு கூட்டின்மேல் அரை விரல் அகலம் ஏறிக்கிடக்கிறது, இணைப்பை ஒரு செதில் மறைக்கிறது. போன ஞாயிறு தம்பிக்கு ஒட்டிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் மொட்டை மாடியில் நடக்கவிட்டேன். விளிம்பு அசையவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த ஓட்டை வழியே வியர்வை வடிந்து சட்டைக் கழுத்துப்பட்டியை நனைத்திருந்தது. அடுத்த முறை உடை தைப்பவரிடம் கருஞ்சட்டை கேட்க வேண்டும்.