'இல்லை' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கும் வகுப்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் மாலை நேரத்தில் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு 1,800 ரூபாய். கடற்கரைக்கு அருகே ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பணம் முழுக்கத் தகும்.

விருந்தினரிடம் 'ஆம்' சொல்லப் பெரிய ஆங்கிலம் வேண்டாம். அறை காலி இல்லை, காலை உணவு இதில் சேராது, இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று மறுக்கும்போதுதான் நாக்கு தடுமாறும். அதைப் புரிந்துகொண்டு, தொடக்க வாரங்கள் முழுவதையும் எதிர்மறை வாக்கியங்களுக்கே ஒதுக்கிய ஆசிரியரை இங்கேதான் பார்த்தேன்.

அவர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கரும்பலகையில் 'ஹி கோஸ்' என்று எழுதி, முன்வரிசைப் பெண்ணை அழைத்து, வினைச்சொல்லின் வாலான 'இஎஸ்' எழுத்துகளை அழிக்கச் சொன்னார். அதே வாலை 'டூ'வில் ஒட்டி, 'நாட்' சேர்த்து 'டஸின்ட்' ஆக்கினார். 'ஹி டஸின்ட் கோ.' 'வென்ட்' என்பதற்கும் அப்படித்தான்: இறந்த காலம் 'டிடின்ட்' தலையில் ஏறிவிட்டதால் பின்னால் வருவது வெறும் 'கோ'. 'டிடின்ட் வென்ட்' என்று சொல்லிப் பழகியிருந்த பலருக்கு அன்றே அது விட்டுப்போயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'எனக்குத் தெரியாது' என்பதை 'ஐ நோ நாட்' என்று 'டூ' இல்லாமலே பேசியதும் உண்டு என்று போகிற போக்கில் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வேலைக்கு நேராக உதவிய பாடம் வேறு. 'வரவில்லை' என்ற ஒரே சொல்லை நாம் நேற்றைக்கும் இன்றைக்கும் வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் டாக்ஸிக்காகக் காத்திருப்பவரிடம் 'டிடின்ட் கம்' என்றால், வராமலே போய்விட்டது என்று பதறுவார். 'ஹேஸின்ட் கம் யெட்' என்றால் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். 'மஸ்ட்' என்றால் வேண்டும், ஆகவே 'மஸ்ட்டின்ட்' என்றால் வேண்டியதில்லை என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. 'யூ மஸ்ட்டின்ட் பே நவ்' என்பது இப்போது பணம் கட்டவே கூடாது என்ற தடை. நாம் சொல்ல நினைப்பது 'யூ டோன்ட் ஹேவ் டு பே நவ்.'

எதிர்மறைக் கேள்விக்கு ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டார். 'டோன்ட் யூ ஹேவ் எ ஸீ வியூ ரூம்?' என்று ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அப்படி அறை இல்லையென்றால் தமிழில் 'ஆமாம், இல்லை' என்போம். அந்தப் பழக்கத்தில் 'யெஸ்' என்றுவிட்டால் அறை இருக்கிறது என்றே கேட்டவர் எடுத்துக்கொள்வார். 'நோ, வீ டோன்ட்' என்பதுதான் சரி. பெட்டியை நகர்த்தலாமா என்று 'உட் யூ மைண்ட்' (ஆட்சேபம் உண்டா) போட்டுக் கேட்டவருக்கு 'நோ' என்று பதில் வந்தால் அது சம்மதம் என்பதும் இதே பயிற்சியில்தான் பிடிபட்டது.

குறை ஒன்று, அது சிறியதல்ல. உச்சரிப்புக்கு நேரமே கொடுப்பதில்லை. ஒலிப்பதிவு எதையும் போட்டுக் காட்டுவதும் இல்லை. அமெரிக்கர்கள் பேசும்போது 'கேன்ட்' என்பதன் கடைசி ஒலி அமுங்கிப்போகும். 'கேன்' என்பதை லேசாக விட்டுவிட்டு அடுத்த வினையை அழுத்துவார்கள். 'கேன்ட்' என்றால் அதையே அழுத்துவார்கள். இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டுத்தான் பழக முடியும். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. அதைச் சொல்லும்போது நான் 'கேனாட்' என்றே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது பயன்படாது. கடை, மருத்துவமனை, விடுதி என்று நாள் முழுவதும் பேச்சிலேயே பிழைப்பவர்கள் தயங்காமல் சேரலாம். சற்று முன்னதாகப் போய் முதல் இரண்டு பெஞ்சுகளில் இடம் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்தால் கரும்பலகை சரியாகத் தெரியாது.