ஸ்டெப்ஸ் பெர் மி.மீ. சரிபார்க்க: வெட்டி அளப்பதா, பிளஞ்சர் டயலா, ஸ்லிப் கேஜா?

கையால் ஓட்டிய மில்லிங் மெஷினில் ஸ்டெப்பர் மோட்டார் மாட்டியாயிற்று. டேபிள் ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் வைக்க வேண்டும் என்பதுதான் ஸ்டெப்ஸ் பெர் மி.மீ. அந்த எண் சரியா, அதாவது 100 மி.மீ. போ என்றால் 100தான் போகிறதா? மூன்று வழியிலும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ஸ்லிப் கேஜுக்கும் (நீளம் துல்லியமாகத் தீட்டிய கட்டை) லீவர் டயலுக்கும்தான் (சின்ன நெம்பு முனை பக்கவாட்டில் அசையும் டயல்).

வெட்டி வெர்னியரால் அளப்பதில் கட்டரின் விட்டம், அது வளைந்துகொடுப்பது, வெர்னியரின் தவறு மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். கடைசியில் ஒரு தடவை செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

பிளஞ்சர் டயல், அதாவது தண்டு நேராக உள்ளே போய்வரும் டயல், பலரிடமும் இருக்கிறது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப் (ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரிப்பது), ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. ஸ்க்ரூ என்று வைத்து 1600ஐ 5ஆல் வகுத்து 320 போட்டேன். 10 மி.மீ. நகர்த்தினால் டயல் 10.14 காட்டியது. விகிதம் பார்த்து 315.58 என்று மாற்றினேன். மறுபடி அளந்தால் பிசகே இல்லை, ஒரே குஷி. பிறகு 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டேன், 0.4 மி.மீ. தள்ளி விழுந்தது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது: எவ்வளவு நீளத்தில் அளக்கிறோம்? 10 மி.மீ.யில் டயலில் இரண்டு கோடு (0.02 மி.மீ.) பிசகினால், 200இல் அது இருபது மடங்கு. 100 மி.மீ. கட்டையில் அதே இரண்டு கோடு பிசகினாலும் 200இல் 0.04தான். போதாததற்கு, பிளஞ்சர் தண்டு 5 டிகிரி சாய்ந்திருந்தால் 0.38% தவறு தனியாகச் சேரும்; அந்தச் சாய்வு கண்ணுக்கு லேசில் தெரியாது.

ஸ்லிப் கேஜ் முறையில் டயல் தூரத்தை அளப்பதில்லை. பூஜ்யத்துக்குத் திரும்பியதா என்று மட்டும் சொல்கிறது. டேபிளில் ஒரு ஸ்டாப்பை இறுக்கி, அதை ஒட்டி 100 மி.மீ. கட்டையை வைத்தேன். ஸ்பிண்டிலில் (கட்டர் மாட்டும் தண்டு) லீவர் டயல், ஸ்பிண்டில் சுற்றாதபடி பூட்டு. கட்டையின் வெளிமுகத்தில் தொட்டு டயலைப் பூஜ்யமாக்கி, இரண்டு மி.மீ. பின்வாங்கி, கட்டையை உருவிவிட்டு, பழைய திசையிலேயே 102 முன்னே. கடைசி ஒரு மி.மீ.யை 0.01 மி.மீ. அடிகளாக ஜாக் செய்யுங்கள் (கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்), இல்லாவிட்டால் டயல் போய்விடும். இரண்டு தொடுதலும் ஒரே திசையில் வருவதால் பேக்லாஷ் (திசை மாறும்போது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையில் வரும் ஆட்டம்) கணக்கில் நுழையாது. Z அச்சைத் தொடவும் வேண்டாம்.

முள் 0.20 அதிகம் காட்டியது. 315.58ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் 314.95, 1600ஐ அதால் வகுத்தால் 5.08. அட, பழைய ஸ்க்ரூ அங்குலத்துக்கு ஐந்து புரி! மெட்ரிக் என்று நினைத்தது என் மடத்தனம். அளந்து வந்த எண்ணை விட்டுவிட்டு 1600/5.08 என்பதையே, 314.9606 என்று போட்டேன்.

பால் ஸ்க்ரூ (புரியில் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) போட்டவர்கள் இன்னும் பொறுமையாக இருக்கலாம். சி7 என்ற துல்லியத் தரத்தில் 300 மி.மீ.க்கு 0.05 வரை பிசகு அனுமதி உண்டு. அந்த அளவு வித்தியாசத்துக்காக 320ஐ 319.97 ஆக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. புரிக்குப் புரி மாறும் பிசகை ஒரே எண்ணால் சரிக்கட்ட முடியாது.

Z அச்சில் நான் இதை ஒரே ஒரு தடவைதான் செய்தேன், கட்டையை நிமிர்த்தி வைத்து. தலையின் எடை பேக்லாஷை ஒரு பக்கமாகவே அழுத்தி வைத்திருந்ததால் முள் நன்றாக நின்றது. எதிர் எடை தொங்கும் மெஷினில் அப்படியே நிற்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.