பூனைக்குக் ‘கிட்னி வாஷ்’ என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்: எங்கள் வெள்ளச்சிக்கு நடந்தது

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பகுதியில் உள்ள அந்தத் தனியார் பெட் கிளினிக் படியில் ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்திருந்தான். மடியில் பிளாஸ்டிக் கூடை, அதன் வாயில் துண்டு கட்டியிருந்தது. உள்ளே ஒரு பூனை கம்மிய குரலில் கத்திக்கொண்டே இருந்தது. வண்டியை ஓரம் கட்டி விசாரித்தேன். “வயசான பூனை அக்கா, கிட்னி ப்ராப்ளமாம். பதினஞ்சு நாள் ட்ரிப்ஸ் போட்டா கிட்னியை வாஷ் பண்ணிடலாம்னு சொல்றாங்க” என்றான்.

எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. 2024 ஜூனில் அதே படியில், அதே மாதிரி ஒரு கூடையோடு, அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு நானும் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

கிளினிக்கின் பெயரையோ ஆளின் பெயரையோ இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் போக்கில் நடக்கட்டும். என்ன நடந்தது என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

வெள்ளச்சி 2009 நவம்பர் மழையில் எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் கிடைத்தவள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. அம்மாதான் பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தார். பதினைந்து வருஷம் வீட்டில் ஒரு ஆளாக இருந்தாள். 2024 ஏப்ரல் வாக்கில் பாத்ரூம் வாளியில் எந்நேரமும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். அவள் சிறுநீர் போகிற மணல் தட்டில் முன்பு எலுமிச்சை அளவு இருந்த ஈரக் கட்டி தேங்காய் அளவுக்கு வந்தது. வெயில் காலம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டோம். முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. முடி பிசுபிசுத்துப் பிரிந்து நின்றது. வாயில் ஒரு நாற்றம். வயசான பூனை இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்த அறிகுறிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்ற பிறகுதான் இப்படித் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். அதுவரை வெளியே எதுவும் தெரியாது.

அந்தக் கிளினிக் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் நாய்க்குட்டிப் படங்கள். அந்த ஆள் வெள்ளச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். மறுநாள் போனபோது கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பேபிக்கு கிட்னி நைன்ட்டி பர்சென்ட் போச்சு மேடம். இன்னைக்கே கிட்னி வாஷ் ஆரம்பிச்சாத்தான் உண்டு.” அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். ரிப்போர்ட்டைக் கேட்டேன். “உங்களுக்கு அது புரியாது மேடம், சிஸ்டத்துல இருக்கு, கடைசில மொத்தமா தரேன்” என்றார். அந்த இடத்தில் நான் விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். பயத்தில் வாய் அடைத்துவிட்டது. அவருக்கு வேண்டியதும் அந்தப் பயம்தான்.

ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். தினமும் காலையில் கொண்டுபோய் விட்டால் முன்னங்காலில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏற்றி மாலையில் கொடுப்பார்கள். கூடவே 3,800 ரூபாய்க்கு ஒரு சொட்டு மருந்து பாட்டில். வெளிநாட்டு மருந்து, செத்துப்போன கிட்னியைத் திரும்ப வளர வைக்கும் என்றார். பாட்டிலில் ஒரு பச்சை இலைப் படம் இருந்தது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது இல்லை, தயாரித்த தேதி இல்லை, விலையும் அச்சிடவில்லை. பணம் எல்லாம் ஜிபேயில், அதுவும் கிளினிக் பெயரில் இல்லாத ஒரு நம்பருக்கு. பில் கேட்டால் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

நான்காம் நாள், கூட்டிவரப் போனபோது மேசை மேல் ஒரு சின்ன மருந்துக் குப்பி கிடந்தது. உதவிக்கு நின்ற தம்பியிடம் இது எதுக்கு என்று கேட்டேன். “பெயின் கில்லர்க்கா. வெள்ளச்சி முனகுதுல்ல, டெய்லி ஒண்ணு போடுறோம்” என்றான். என்னமோ தோன்றி லேபிளை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். மெலாக்சிகாம். அப்போது அந்தப் பெயர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மெலாக்சிகாம் விஷம் இல்லை. நல்ல டாக்டர்களும் பூனைக்குக் குறைந்த அளவில், ரத்தப் பரிசோதனை பார்த்து, கவனமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வகை வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகி, உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கிற பூனைக்குத் தினமும் ஊசியாக ஏற்றினால் மிச்சம் இருப்பதும் போகும். பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகலாம் என்ற எச்சரிக்கையை 2010 முதல் அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்புத்தாளிலேயே கட்டம் கட்டி அச்சடிக்கிறார்கள். கிட்னி போய்விட்டது என்று சொன்ன அதே ஆள் அதே வாரத்தில் இதைப் போட்டார். (இதோடு இன்னொன்று: வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குத் தப்பித்தவறியும் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.)

பதினோராம் நாள் இரவு வெள்ளச்சி நடையில் வந்து சாப்பாட்டுத் தட்டில் இடித்துக்கொண்டாள். பிறகு கதவில். பிறகு அம்மாவின் காலில். டியூப் லைட் வெளிச்சத்திலும் இரண்டு கண்மணியும் கறுப்பாக, வட்டமாக, முழுசாகத் திறந்திருந்தன. கண் முன்னால் கையை ஆட்டினேன். இமைக்கவே இல்லை. கிளினிக்குக் கூப்பிட்டேன். ‘24 மணி நேரமும்’ என்று போர்டில் எழுதியிருந்த நம்பர். ஒன்பது தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. காலையில் மெசேஜ் வந்தது: “வயசானா பார்வை குறையும் மேடம், இன்னும் நாலு சிட்டிங் பாக்கி இருக்கு.”

அன்றைக்கே ஆட்டோ பிடித்து வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1903-ல் தொடங்கிய கல்லூரி. சென்னையில் பிறந்து வளர்ந்தும் அதுவரை நான் உள்ளே போனதில்லை. ஆடு, கோழி, கிளி, நாய் என்று எல்லோரும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்கள். கூட்டம்தான், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்களைப் பார்த்த இளம் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: “பி.பி. பார்த்தாங்களா?” பூனைக்கு பி.பி. பார்ப்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வால் அடியில் சின்னப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். 210. பூனைக்கு 160 தாண்டினாலே கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து. சிறுநீரகக் கோளாறு வந்த பூனைகளுக்கு ரத்தக் கொதிப்பு வருவது அடிக்கடி நடப்பதாம். அது ஏறினால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் கண் போய்விடும். வெள்ளச்சிக்கு அதுதான் நடந்திருந்தது. “முதல் நாளே பார்த்து மாத்திரை ஆரம்பிச்சிருந்தா கண்ணு போயிருக்காதும்மா” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் வெள்ளச்சியின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொடுத்தது அம்லோடிபின். அம்மாவே தினமும் பி.பி.க்குப் போடுகிற மாத்திரை, இவளுக்கு அதில் ஒரு துணுக்கு.

அன்றைக்கு கிரியாட்டினின் 4.6. (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு அது, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும்.) பழைய அளவு என்ன என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. கிளினிக்கில் ரத்தக் குழாயில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் லேபின் பெயரைப் பார்த்திருந்தேன். நேராக அந்த லேபுக்குப் போய், பூனையின் பெயர், தேதி சொல்லிக் கேட்டதும் நகல் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் கிரியாட்டினின் 3.1.

உலகம் முழுக்கக் கால்நடை டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் ஐரிஸ் அளவுகோலில் பூனைக்கு 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்கு. எங்கள் வெள்ளச்சி மூன்றாம் நிலையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சரியான உணவு, தண்ணீர், பி.பி. மாத்திரை என்று பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில், சில பூனைகள் வருஷக்கணக்கில்கூட, நன்றாக இருக்கிற கட்டம் அது. அவளை வைத்துத்தான் பதினோரு நாளில் 17,000 ரூபாய் பிடுங்கி, கண்ணையும் வாங்கிக்கொண்டார்கள்.

‘கிட்னி வாஷ்’ என்று ஒரு சிகிச்சையே கிடையாது. டயாலிசிஸ் வேறு, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். ட்ரிப்ஸ் என்பது வற்றிய உடம்புக்குத் தண்ணீர் ஏற்றுவது. அது தேவைப்படுகிற பூனைகள் உண்டு, அதில் பொய் இல்லை. ஆனால் அது சிறுநீரகத்தைக் கழுவாது. செத்த பகுதியை எந்தச் சொட்டு மருந்தும் திரும்ப வளர்க்காது.

வேப்பேரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவது. ரிங்கர் லாக்டேட் அரை லிட்டர் பாட்டில் மெடிக்கல் ஷாப்பில் நூறு ரூபாய்க்கும் கீழே. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்துச் சூடேற்றி, ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவேன். அம்மா வெள்ளச்சியை மடியில் வைத்துக் காதருகே ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியை உள்ளே விட வேண்டும். முதல் தடவை ஊசி மறுபக்கம் வெளியே வந்து என் விரல் நனைந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நூறு மில்லி போனதும் தோள் பக்கம் தண்ணீர்ப் பை மாதிரி தொங்கும், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இதுவே ஆபத்தாகலாம் என்பதால் டாக்டர் சொல்லாமல் யாரும் தானாக ஆரம்பிக்க வேண்டாம்.

கிட்னி நோய்க்கான தனி உணவை முதலில் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேகவைத்த மத்தி மீனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினோம். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது, பிடித்ததைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பார்வை திரும்பவில்லை. ஆனால் சுவரோரமாக மீசை உரசிக்கொண்டே நடந்து, பால்கனியில் தன் இடத்துக்குப் போய்ப் படுக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா அந்த ஏழு மாசமும் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற விடவில்லை. 2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம், அம்மாவின் பழைய நூல் புடவை மேல் போய்விட்டாள்.

புகார் விஷயம். 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு செய்த கால்நடை டாக்டர்தான் சிகிச்சை செய்யலாம். அந்தக் கிளினிக் ஆளின் சீட்டிலும் போர்டிலும் பதிவு எண்ணே இல்லை, அது அப்போது என் கண்ணில் படவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன். சிகிச்சைக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஜிபே பதிவுகள், அந்தக் குப்பியின் போட்டோ, லேப் நகல், காலையில் வந்த மெசேஜ். இவ்வளவாவது இருக்கிறதே என்று இப்போது நினைக்கிறேன். பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்கிறார்கள்.

உங்கள் பூனைக்குக் கிட்னி கோளாறு என்று யாராவது சொன்னால், அந்த நிமிஷமே ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். கிரியாட்டினின் எவ்வளவு, எந்த நிலை, சிறுநீர் பார்த்தீர்களா, பி.பி. பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஊசியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். எழுதித் தர மறுத்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முகத்தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். உள்ளே போய் ரிப்போர்ட் கேட்டான். “சிஸ்டத்துல இருக்கு” என்றார்களாம். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். திங்கட்கிழமை வேப்பேரிக்குப் போய்விட்டு எனக்கு போன் பண்ணினான். கிரியாட்டினின் 2.4, பி.பி. சரியாக இருக்கிறது. ட்ரிப்ஸே வேண்டாம் என்று சொல்லி, சாப்பாட்டை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.