ஐட்லர் புல்லி: பேரிங்கை மட்டும் மாற்றுவதா, புல்லியையே மாற்றுவதா?

புல்வெட்டும் டிராக்டரில் கத்திகளை இயக்கும் பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிப்பது ஐட்லர் புல்லி. அளவில் சிறியது என்பதால் மற்ற புல்லிகளைவிட வேகமாகச் சுழல்கிறது. ஸ்பிரிங்கின் இழுவிசை எப்போதும் ஒரே பக்கமாக அதன்மேல் விழுகிறது. தூசியும் நறுக்கிய புல்லும் ஈரமும் வந்து படிவதும் அங்கேதான். அது கரகரக்கத் தொடங்கினால் இரண்டு வழிகள்: உள்ளே இருக்கும், குண்டுகள்மேல் சுழலும் வளையமான பேரிங்கை மட்டும் மாற்றலாம், அல்லது புல்லியை முழுதாக மாற்றலாம். என் டிராக்டரில் பேரிங்கைத்தான் மாற்றினேன். இனியும் முடிந்தவரை அதையே செய்வேன்.

முழுப் புல்லியை மாற்றுவது எளிது. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டை விலக்கி, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் பழையது கையில் வந்துவிடும். விட்டம், துளையின் அளவு, புல்லியின் முகத்துக்கும் நடுக்குடத்துக்கும் (போல்ட் நுழையும் நடுப்பகுதி) உள்ள உயர வேறுபாடு ஆகிய மூன்றும் பழையதுடன் பொருந்த வேண்டும். மூன்றாவதைப் பலரும் அளப்பதில்லை. அது சில மில்லிமீட்டர் பிசகினாலும் பெல்ட் கோணலாக நுழைந்து ஓரம் பிரியத் தொடங்கும்.

பேரிங்கை மாற்ற நேரமும் பொறுமையும் வேண்டும். ஆனாலும் நான் அந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம், பழுதாவது பெரும்பாலும் பேரிங்தான் என்பதே. வெளிவட்டம் நன்றாக இருக்கும்போது அதையும் சேர்த்து எறிவானேன்? அதைவிட முக்கியமானது, பேரிங்கின் அளவுகள் பொதுத் தரத்தில் அமைந்தவை. டிராக்டரின் மாடல் நின்றுபோய் அதன் புல்லி கிடைக்காமல் போகலாம். பேரிங்குக்கு அந்த நிலை வராது. ஐட்லர்களில் அடிக்கடி காணும் 6203 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். யார் தயாரித்தாலும் உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., தடிமன் 12 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் இருபுறமும் உலோக மூடி. புல்வெட்டிக்கு ரப்பர் சீல்தான் ஏற்றது. உலோக மூடியின் விளிம்பில் உள்ள இடுக்கு வழியாக நுண்தூசியும் நீரும் உள்ளே போய்விடும். புல்லியை முழுதாக வாங்கினால் உள்ளே எந்தப் பேரிங் இருக்கிறதோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். தனியாக வாங்கும்போது தேர்வு நம்முடையது.

எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. சில புல்லிகளில் வெளிவிட்டம் அதே 40 மி.மீ. ஆக இருந்தும் உள்துளை அங்குலக் கணக்கில், 5/8 அங்குலமாக இருக்கும். வெர்னியர் அளவுகோலால் இரண்டையும் அளந்த பிறகே வாங்குங்கள். துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே சிறு குழல் போன்ற புஷ் இருந்தால் அதைப் பழைய பேரிங்கோடு எறிந்துவிடாதீர்கள்.

புல்லியின் துளையில் பேரிங்கைப் பிடித்துவைக்கும் சர்க்லிப் என்ற கம்பி வளையம் இருந்தால் வேலை சுலபம். அதைக் கழற்றிப் பழையதைத் தள்ளி எடுங்கள். துளையில் உள்ள துருவை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து நீக்குங்கள். புதியதை உள்ளே தள்ளும்போது அழுத்தம் அதன் வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும். 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த வெளிவிட்டமுள்ள சாக்கெட் (நட்டைத் திருகும் குழல்) ஒன்றை வைத்து, வைஸ் என்ற பட்டறைப் பிடிப்பில் மெல்ல இறுக்கினால் போதும். உள்வளையத்தில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து ஓடுபாதையில் பள்ளம் விழும். புதிய பேரிங் முதல் நாளே இரையும்.

பேரிங் போய்விட்டதா என்று அறிய, பெல்ட்டை விலக்கிப் புல்லியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றி நெடுநேரம் சுற்றினால் நல்லது என்று தோன்றும். ஆனால் கிரீஸ் நிறைந்த பேரிங் சிறிது இழுத்துப் பிடித்தபடி சுற்றிச் சீக்கிரமே நின்றுவிடும். உலர்ந்த ஒலியோடு ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றியிருக்கும். சீலின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று பொருள். சீலை நெம்பிக் கிரீஸ் அடைப்பது தற்காலிக உதவிதான்.

முழுப் புல்லியைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு. இரண்டு தகட்டு வட்டங்களை நடுவே பேரிங்கை வைத்து ஒட்டியோ ரிவெட் அடித்தோ செய்த புல்லியைப் பிரித்துச் சரிசெய்ய முனைவதில் பயனில்லை. பேரிங்கின் வெளிவளையம் துளைக்குள்ளேயே சுழன்று துளை தளர்ந்திருந்தாலும் அப்படியே. வி வடிவப் பள்ளம் உள்ள புல்லியானால் பள்ளத்தின் அடியைக் கவனியுங்கள். வி பெல்ட் இரு சுவர்களையும் கவ்வித்தான் ஓட வேண்டும். அடிப்பகுதி பளபளத்தால் சுவர்களோ பெல்ட்டோ தேய்ந்து பெல்ட் கீழே இறங்கிவிட்டது. புது பெல்ட்டைப் போட்டும் அடியைத் தொட்டால் புல்லியை மாற்றிவிடுங்கள். ஓடும் பரப்பில் துரு குழிகுழியாக அரித்திருந்தாலும் மாற்றுங்கள். அந்தச் சொரசொரப்பு புது பெல்ட்டையும் அரம்போல் அராவிவிடும்.

பிளாஸ்டிக் ஐட்லர்களுக்குத் துரு பிடிக்காது. அவற்றை நான் அதிக காலம் ஓட்டியதில்லை என்பதால் உழைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் பேரிங் இறுகிச் சூடேறினால் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிவிடும். அப்போது பேரிங்கை மட்டும் மாற்றும் வாய்ப்பு போய்விடும்.

எதை மாட்டினாலும் அழுத்த நீரை நேராகப் புல்லிமேல் பாய்ச்சாதீர்கள்; ரப்பர் சீல்கூட அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. புல்லை பிரஷ்ஷாலோ காற்றாலோ நீக்கிவிட்டு, நீர் பட்டிருந்தால் கத்திகளைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு வண்டியை நிறுத்துங்கள்.