ஒரே தளமா, மாடி வீடா?

புறநகரில் விசாலமான குடும்ப வீடு தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் வந்து நிற்கும். இரண்டிலும் பரப்பளவு 2,000 சதுர அடி என்றே வைத்துக்கொள்வோம். ஒரே தள வீட்டுக்கு அடித்தளமும் கூரையும் அந்த 2,000 அடிக்கும் வேண்டும். சரிபாதியாகப் பிரித்த மாடி வீட்டுக்கு 1,000 போதும். கூரையைப் பழுதுபார்க்கும் நாளில் இது பணமாகத் தெரியும். தோட்டத்துக்கும் மனை மிஞ்சும்.

ஆனால் படிக்கட்டு இடத்தைத் தின்னும். விளம்பரத்தில் காட்டும் பரப்பளவில் பெரும்பாலும் அதுவும் சேர்த்திதான்! முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால், கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இல்லாத மாடி வீட்டை நான் பரிசீலிக்கவே மாட்டேன். வீட்டைப் பார்க்கப் போகும்போது மாடிக் குளியலறைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கே மட்டும் பெயின்ட் புதிதாகப் பளிச்சிட்டால், நீர்க்கசிவை மறைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒரே தள வீட்டில் தலைக்கு மேல் காலடி ஓசை இல்லை. ஆனால் வெயில் எல்லா அறைகளின் மீதும் நேரே இறங்கும். கூரையில் வெப்பத்தடுப்பு இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டியே பேரம் பேசுங்கள்.