உயில்ல அக்கவுண்ட் நம்பர் எழுதுறதா, பங்கு மட்டும் எழுதுறதா?

போன மாசம் எங்க அம்மாவுக்கு உயில் எழுத உக்காந்தப்ப மொத சண்டையே இதுலதான் வந்துச்சு, பேங்க்ல கெடக்குற பணத்த ஒவ்வொரு அக்கவுண்ட்டா நம்பர் போட்டு இது இன்னாருக்கு அது இன்னாருக்குன்னு எழுதுறதா, இல்ல மொத்தத்தையும் சேத்து பங்கு மட்டும் சொல்லிட்டு விட்டுர்றதா. பத்திரம் எழுதுறவரு நம்பர் போட்டாத்தான் தெளிவுன்னாரு. நான் வேண்டவே வேண்டாம்னு நின்னேன், மேலூர்ல எங்க அத்த விசயத்துல நடந்தத பக்கத்துல இருந்து பாத்தவன் நான்.

அத்த நம்பர் போட்டுத்தான் எழுதி வச்சிருந்துச்சு. மூணு எஃப்டி, ஒவ்வொண்ணும் 5 லட்சம், ஒரு மகன் ரெண்டு மக, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு வருசங்கழிச்சு முட்டி ஆபரேசன் வந்துச்சு, பீரோவுல மொதல்ல கைக்கு வந்த ரசீத எடுத்துட்டுப் போயி ஒரு எஃப்டிய ஒடச்சாய்ங்க, அது சின்ன மகளுக்குன்னு எழுதுன எஃப்டின்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் நெனப்பு இல்ல, அத்தைக்கே இல்ல. அத்த செத்துப் போனதுக்கப்புறம் உயில விரிச்சு வச்சு நம்பர ஒவ்வொண்ணா ரசீதோட ஒத்துப் பாத்தா சின்னவளுக்கு எழுதுன வரிக்கு மட்டும் ரசீதே இல்ல. ஆஸ்பத்திரியில ராப்பகலா கூட இருந்தவ அவதான், எனக்கு இன்னைக்கும் அத நெனச்சா மனசு ஆறல. 1925-ம் வருச இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல 152-வது பிரிவு இதத்தான் சொல்லுது, இன்ன பொருள்னு குறிச்சு எழுதி வச்சு, எழுதுனவங்க சாகுறப்ப அது அவங்ககிட்ட இல்லாமப் போனா அந்தக் கொடை அத்தோட போச்சு.

பெரிய மகளுக்கு வேற மாதிரி பாடு. அவளோட எஃப்டி தானா ரினியூவல் ஆகி நம்பர் மாறிருச்சு, உயில்ல இருக்குறது பழைய நம்பர், இந்த நம்பர்ல எதுவும் இல்லையேம்மான்னு அந்த பேங்க்ல திருப்பித் திருப்பி அனுப்பி நாலு மாசம் அலைய விட்டாய்ங்க. நம்பர் மட்டுமா, பேங்க்கோட பேரே நெலையா நிக்கிறதில்ல. நம்ம ஊர்ல 1943-ல ஆரம்பிச்ச பேங்க் ஆஃப் மதுரா 2001-ல ஐசிஐசிஐயோட சேந்துச்சு, லட்சுமி விலாஸ் பேங்க் 2020-ல டிபிஎஸ்ஸுக்குப் போச்சு, சிண்டிகேட் பேங்க் அதே வருசம் கனராவுல கலந்துச்சு. பேங்க் மாறிட்டதால உரிமை ஒண்ணும் செத்துப் போகாது, ஆனா பழசும் புதுசும் ஒண்ணுதான்னு காட்டுற வேல புள்ளைங்க தலையில விழுது.

பங்கா எழுதுனா இந்த வில்லங்கம் இல்ல. நாங்க எழுதுன வரி இதான்: "நான் இறக்கும் நாளில் எந்த வங்கியிலும் அஞ்சலகத்திலும் என் பெயரில் உள்ள சேமிப்பு, வைப்புத்தொகை அனைத்தும் வட்டியுடன் என் மக்கள் மூவருக்கும் சரிசமமாக." எதுல எடுத்துச் செலவழிச்சாலும் மூணு பேருக்கும் ஒரே மாதிரி கொறையும், புதுசா எஃப்டி போட்டாலும் தானா உள்ள வந்துரும். இதுல இருக்குற ஒரே கஷ்டம், மூணு பேரும் சேந்து பேங்குக்குப் போகணும், ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்தா அவர் கையெழுத்துக்கு மத்தவங்க காத்துக் கெடக்கணும். அதனால உயில நிறைவேத்த ஒரு ஆள அதுலயே பேர் போட்டு நியமிச்சிருங்க. ஒரு புள்ளைக்கு மட்டும் கூடக் குடுக்கணும்னா இன்ன எஃப்டின்னு சொல்லாம என் பணத்துல இவளுக்கு மொதல்ல இவ்வளவு லட்சம்னு தொகையா எழுதுங்க.

உயிலே வேணாம், நாமினி போட்டாப் போதும்னு எங்க சித்தப்பா சொன்னாரு. பாதி சரி. நாமினி கையில பேங்க் பணத்தக் குடுத்துட்டா பேங்க்கோட பொறுப்பு முடிஞ்சுச்சு, ஆனா பணத்துக்கு அவரு சொந்தக்காரர் ஆயிர மாட்டாருன்னு 2010-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, உயில்ல பேர் இருக்குறவங்க அவர்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம். ஆனா அண்ணன்கிட்ட போயி என் பங்கக் குடுன்னு நிக்கிறது எந்தத் தங்கச்சிக்கு முடியும்? ரெண்டு பேர்ல யாரு வேணா எடுக்கலாம், ஒருத்தர் போனா மிச்சம் இருக்குறவர் எடுக்கலாம்ங்கிற ஐதர் ஆர் சர்வைவர் ஜாயிண்ட் அக்கவுண்ட்டும் இதே கதைதான், பணத்த எடுக்க வசதி, மத்தவங்க உரிமை அதோட முடிஞ்சுராது.

இப்ப ஒரு நல்ல வழி இருக்கு. 2025 நவம்பர் 1-ல இருந்து ஒரு டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம், ஆளுக்கு இத்தன சதவீதம்னு பிரிச்சே போடலாம், லாக்கருக்கு மட்டும் ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தர்ங்கிற வரிசை. உயில்ல என்ன பங்கோ அதே சதவீதத்த நாமினியிலயும் போட்டுட்டா யாரும் யார்கிட்டயும் போயி நிக்க வேண்டியதில்ல. எனக்குப் பட்டது, உயில்ல பங்கு, பேங்க்ல அதே பங்குக்கு நாமினி, ரெண்டும் சேந்தாத்தான் காரியம் ஆகும். ரெண்டும் முரணா இருந்தா அங்கதான் அடிதடி.

அப்ப நம்பர எங்க எழுதுறது? தனியா ஒரு தாள்ல. எந்த பேங்க், எந்தக் கிளை, என்ன நம்பர், அவ்வளவுதான், யாருக்குன்னு அதுல ஒரு வார்த்த எழுதக் கூடாது, எழுதுனா உயில்ல ஒண்ணு தாள்ல ஒண்ணுன்னு கொழப்பம் வரும். உயில்ல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் மறுபடி ரெண்டு சாட்சி வச்சுக் கையெழுத்து போடணும், இந்தத் தாளுக்கு அது வேண்டாம். அம்மா அத பாஸ்புக்கோட மஞ்சப் பையில வச்சிருக்கு, போன வெள்ளிக்கிழம ஒரு எஃப்டி முடிஞ்சு புது ரசீது வந்துச்சு, பழைய நம்பர ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு கீழ புதுச எழுதி தேதி போட்டு வச்சிருச்சு.