வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க: காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

தீபாவளி போனஸாகவோ, ஊர் நிலத்தை விற்றதில் வந்த பங்காகவோ கையில் 2 லட்சம் இருக்கிறது. வீட்டுக்கடனில் போட்டுவிடலாம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்தாயிற்று. வங்கிக்குப் போனால் ஒரு கேள்வி கேட்பார்கள்: “டென்யூரைக் குறைக்கணுமா, இ.எம்.ஐ.யைக் குறைக்கணுமா?” பெரும்பாலானோர் யோசிக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது சரியான பதில் இல்லை என்பது என் கருத்து. தவணையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, பழைய தொகையையே விடாமல் கட்டி வருவதுதான் நல்லது.

கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,380 தான். ஓர் ஆண்டு கட்டி முடித்த பிறகு பாக்கி சுமார் 39 லட்சத்து 20 ஆயிரம். அப்போது அந்த 2 லட்சத்தைக் கட்டுகிறோம்.

காலத்தைக் குறைத்தால் தவணை மாறாது. கடன் 26 மாதம் முன்னதாக முடியும். சுமார் 7 லட்சத்து 13 ஆயிரம் வட்டி மிச்சம். தவணையைக் குறைத்தால் அது 32,942 ஆகும். கடைசிவரை அதை மட்டுமே கட்டினால் மிச்சம் 2 லட்சத்து 4 ஆயிரம்தான். எல்லோரும் காட்டும் கணக்கு இதோடு நின்றுவிடுகிறது. முதல் வழியில் மாதம் 1,771 ரூபாய் கூடுதலாகப் போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதே 1,771-ஐ இரண்டாவது வழியிலும் அசலில் கட்டி வந்தால் இரண்டு கடனும் ஒரே மாதத்தில் முடியும், வட்டியும் ஒன்றாகவே இருக்கும். மாதாமாதம் கட்ட அலுப்பாக இருந்தால் சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டலாம். முதல் ஆண்டில் அதனால் போகும் வட்டி 850 ரூபாய் அளவுதான்.

மிச்சம் ஒன்றுதான் என்றால் எதற்கு இந்த மெனக்கெடல்? கட்டியே ஆகவேண்டிய தொகை எவ்வளவு என்பதற்காக. ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் போட்டு, பழைய 34,713-ஐயும் விடாமல் கட்டினால் எந்த வழியிலும் 10 ஆண்டில் கடன் தீரும். மொத்த வட்டி 43 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்குள் வந்துவிடும். 5 ஆண்டு முடிவில் பாக்கி இரண்டிலும் 23 லட்சத்து 32 ஆயிரம். ஆனால் காலத்தைக் குறைத்தவருக்கு அப்போதும் கட்டாயத் தவணை 34,713. தவணையைக் குறைத்தவருக்கு 22,964. மாதம் 11,749 ரூபாய் மூச்சுவிட இடம்.

பிள்ளை வளர்க்கும் வருடங்களில் இந்த இடம் எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது. 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்தும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையாமல் சம்பளமில்லா விடுப்பு நீளும். இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய கடனை ஒரு சம்பளத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். கம்பெனியில் ஆள்குறைப்பு வரும். அந்த நேரத்தில் “ஏற்கெனவே 10 லட்சம் கூடுதலாகக் கட்டியிருக்கிறேனே” என்று வங்கியில் சொல்லிப் பயனில்லை. அசலில் கழிந்த பணம் அடுத்த மாதத் தவணைக்கு ஈடாகாது. பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன்பின், அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரலாம். கஷ்டம் வந்த பிறகு காலத்தை நீட்டித் தரும்படி கேட்டால், வங்கி அதைக் கடன் மறுசீரமைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். நல்ல காலத்தில் ஒரு கடிதத்தில் முடியும் வேலையை எதற்குக் கெட்ட காலத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும்?

இந்த வழியில் ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த 1,771 ரூபாய் சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் செலவாகிவிடும். சம்பளம் வந்த மறுநாளே வேறு கணக்குக்கோ ஆர்.டி.க்கோ தானாகப் போகும்படி செய்துவிட வேண்டும். அதற்குக் கை கட்டுப்படாது என்று தெரிந்தவர்கள் காலத்தைக் குறைப்பதே மேல். 2 லட்சம் மிச்சத்துக்கும் 7 லட்சம் மிச்சத்துக்கும் இடையே நிற்பது அந்தக் கட்டுப்பாடுதான்.

வங்கியில் செய்யும்போது தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கட்டும் பணம் ‘பார்ட் பேமெண்ட்’ என்று ஏறாமல் ‘அட்வான்ஸ் இ.எம்.ஐ.’ என்று ஏறிவிடுவது. பணம் கணக்கில் இருப்பதுபோலத் தெரியும், அசல் குறையாது, வட்டி பழையபடியே ஓடும். கட்டிய சில நாளில் ஸ்டேட்மெண்ட் எடுத்து, அசல் பாக்கி முழு 2 லட்சமும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, ஆன்லைனில் கட்டினால் பல வங்கிகளில் தானாகவே காலம்தான் குறையும். தவணை குறைய வேண்டுமென்றால் கிளையில் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து, புதிய தவணை அட்டவணையை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் பிடித்த தொகை அந்த அட்டவணையோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். குறைந்தபட்சம் இத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்ற விதி வங்கிக்கு வங்கி மாறும். அபராதம் பற்றிக் கவலை வேண்டாம்; தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு வங்கிகள் அதை வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2012-லேயே நிறுத்திவிட்டது. நிலையான வட்டிக் கடனென்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

எந்த மாதம் கட்டுவது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக் கட்டணம், வேன், சீருடை, புத்தகம் என்று வரிசை கட்டி நிற்கும். மார்ச்சில் கையிலிருந்ததையெல்லாம் கடனில் போட்டுவிட்டு மே மாதத்தில் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. 2 லட்சத்தை 3 மாதம் தள்ளிக் கட்டினால் கூடுதல் வட்டி 4,250 ரூபாய். நிம்மதிக்கு அது கொடுக்கலாம்.

மூன்றாவது வழி ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன். ஸ்டேட் பேங்கின் மேக்ஸ்கெய்ன் போன்றது. உபரிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைக்கலாம், அத்தனைக்கும் வட்டி ஓடாது, தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பணம் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆனால் வட்டி விகிதம் சாதாரணக் கடனைவிடக் கொஞ்சம் கூடும். கால் சதவீதம் கூடுதல் என்று வைத்தால் 39 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 9,800 ரூபாய். அதை ஈடுகட்டவே ஆண்டு முழுக்கச் சராசரியாக 1 லட்சத்து 12 ஆயிரம் கணக்கில் கிடக்க வேண்டும். வியாபாரிகளுக்கும், அவசர நிதியாகவே 3, 4 லட்சம் வைத்திருப்பவர்களுக்கும் இது லாபம். மாதக் கடைசியில் கணக்கு துடைத்துப்போகும் வீட்டுக்கு நஷ்டம்.

கடனை அடைக்காமல் முதலீடு செய்யலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைப்புநிதி வட்டிக்கு வரி போனால் 8.5 சதவீதத்தை எட்டாது. பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம் ஏறக்குறைய சமம்: 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம், வரி இல்லை. கடன் வட்டி 8-க்குக் கீழே இருந்தால் அதில் போடுவதே மேல், ஆனால் அவள் மேற்படிப்புக்குப் போகும்வரை பணத்தைத் தொட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். பங்குச்சந்தை ஃபண்டுகள் 10, 15 ஆண்டில் கடன் வட்டியைத் தாண்டக்கூடும், தாண்டாமலும் போகலாம். அதை எண்ணாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வரிச்சலுகை போய்விடுமே என்ற பயம் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதிலும் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஒருவருக்கு 2 லட்சம்தான் வரம்பு. 8.5 சதவீத வட்டியில், ஒருவர் பெயரில் உள்ள கடன் 23 லட்சத்து 53 ஆயிரத்துக்கு மேல் இருக்கும்வரை ஆண்டு வட்டி அந்த வரம்பைத் தாண்டியே இருக்கும், சலுகை ஒரு ரூபாயும் குறையாது. புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகையே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டியை நிர்ணயிக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலேயே கடன் இன்னும் கிடக்கிறதா? 2019 அக்டோபருக்கு முன் வாங்கியதென்றால் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) இணைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டு அரை சதவீதம் இறங்கினால், 39 லட்சம் பாக்கிக்கு முதல் ஆண்டே 19,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதேபோல, கடனோடு சேர்த்து விற்கும் ஒற்றைப் பிரீமியக் காப்பீடு. 1 லட்சம் பிரீமியத்தைக் கடனில் ஏற்றினால் 20 ஆண்டில் அதற்கு 2 லட்சத்து 8 ஆயிரம் கட்டுகிறோம். அதற்குப் பதில் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு), ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு, 6 மாதச் செலவும் தவணையும் சேர்ந்த கையிருப்பு. இந்த மூன்றும் இல்லாத வீட்டில் முன்கூட்டி அடைக்கும் பேச்சே இப்போது வேண்டாம்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் வேலை இருக்கிறது. அசல் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு; ரிசர்வ் வங்கி 2023-ல் போட்ட விதி இது. கடன் வாங்கியபோது கொடுத்த பத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் பத்திர ஒப்படைப்பு (கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை வங்கியிடம் வைத்த அடமானம்) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், வங்கி அதிகாரியின் கையெழுத்தோடு, கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரசீது ஆவணமும் அங்கேயே பதிவாக வேண்டும். சில வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அடமானப் பதிவுக்குக் கீழே ரசீதுப் பதிவும் வந்திருக்க வேண்டும்.